சர்வருக்கும் கம்பி விட்டுக் கட்டணும்!

மூன்றாம் ஆண்டு, கணிப்பொறியியல் பிரிவு

 

சர்வர் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' நாகேஷ்தான் ஞாபகத்துக்கு வருவார். சிரிக்காதீர்கள்! கம்பெனி ஆபீஸில் இருக்கும் சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு டேபிளில் இட்லி கேட்பார்கள், அடுத்த டேபிளில் காபி, மூன்றாவது டேபிளில் பில். அத்தனை பேருக்கும் ஒரே ஆள் ஓடி ஓடிப் பரிமாற வேண்டும். இங்கே இட்லிக்குப் பதில் டிராயிங், காபிக்குப் பதில் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட், பில்லுக்கு டாலி. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற பெரிய கம்பெனிகளைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. அவர்களுக்கு சர்வர் வாங்கித் தர தனி டிபார்ட்மெண்டே உண்டு. நான் பேசப்போவது வல்லக்கோட்டை முருகன் கோயிலிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் கண்ணில் படுகிற சின்னக் கம்பெனிகளைப் பற்றி. பிரஸ் ஷாப், மோல்டிங், டூல் ரூம், பெயிண்ட் ஷாப் என்று பதினைந்து முப்பது பேரோடு ஓடுகிற இடங்கள். டிப்ளமோ முடித்த கையோடு நம்மில் பாதிப்பேர் போய்ச் சேரப்போவது அங்கேதான். போன மூன்றாவது மாதமே ஓனர் கூப்பிட்டுக் கேட்பார்: "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே? ஒரு சர்வர் வாங்கணும். எது வாங்கலாம்?" அப்போது நாம் என்ன சொல்வோம்? சர்வர் என்றால் என்ன என்று படிக்கிறோம். எதை வாங்குவது என்று யார் நமக்குச் சொல்கிறார்கள்? கடைசியில் டீலர் கொடுத்த குவட்டேஷன்தான் ஜெயிக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கட்டட வேலையில் கம்பி கட்டுபவர். நம் ஊர்ப் பக்கத்து வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். மொட்டை மாடியில் தூணுக்குத் தூண் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். கையில் இருக்கும் காசு இன்றைக்குத் தரைத்தளத்துக்குத்தான். ஆனால் அஸ்திவாரமும் தூணும் மாடிக்கும் சேர்த்துப் போட்டாச்சு! பிள்ளைக்குக் கல்யாணம் என்று வரும்போது மேலே கட்டிக்கொள்ளலாம். சின்னக் கம்பெனிக்கு சர்வர் வாங்குவதும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்றைக்குத் தேவையானதை மட்டும் போடு. நாளைக்குப் போட இடம் இருக்கிற பெட்டியாகப் பார்த்து வாங்கு. மிச்சமாகிற பணத்தை பேக்கப்புக்குப் போடு.

ஆனால் நடப்பது என்ன? ஒன்று, கடன் வாங்கி இன்றைக்கே மாடி கட்டுகிறார்கள். இல்லாவிட்டால் அஸ்திவாரமே இல்லாமல் கூரை போடுகிறார்கள். கூரை என்று நான் சொல்வது, அக்கவுண்ட்ஸ் டேபிளில் இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்துவிட்டு அதையே சர்வர் என்று கூப்பிடுவது.

இன்-பிளாண்ட் டிரெய்னிங்குக்கு நான் போன ஒரு பிரஸ் ஷாப்பில் அப்படித்தான் இருந்தது. பெயர் வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கவுண்ட்ஸ் அக்கா கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டுப் போய்விடுவார். அவர் மேல் என்ன தப்பு? அது அவர் கம்ப்யூட்டர். ஆனால் நைட் ஷிப்டுக்கு டிராயிங் திறக்காது. அதனால் டூல் ரூமில் ஆளாளுக்குப் பென் டிரைவில் காப்பி வைத்திருந்தார்கள். ஒரு நாள் பழைய ரிவிஷன் டிராயிங்கைப் பார்த்து ஒரு லாட் முழுக்க அடித்துவிட்டார்கள். அத்தனையும் ரிஜெக்ட்! திட்டு வாங்கியது யார் தெரியுமா? கான்ட்ராக்டில் வந்த ஆபரேட்டர் அண்ணன். டிராயிங் எந்த ரிவிஷன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சர்வர் என்பது ஏ.சி. ரூம் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். அது சரியில்லை என்றால் அடி விழுவது ஷாப் ஃப்ளோரில் நிற்கிற நம் அண்ணன் தம்பிகள் மேல். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் எண்ண வேண்டும். டீலரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கம்பெனியைச் சுற்றி வரவேண்டும். எத்தனை பேர் ஒரே நேரத்தில் உள்ளே வருகிறார்கள்? இப்போது எவ்வளவு டேட்டா இருக்கிறது? வருஷத்துக்கு எவ்வளவு கூடுகிறது? உதாரணத்துக்கு, இருபது பேர், 600 ஜிபி டேட்டா, வருஷத்துக்கு 150 ஜிபி கூடுகிறது என்று வையுங்கள். ஐந்து வருஷத்தில் 600-ம் 750-ம் சேர்ந்து 1,350 ஜிபி. 2 டிபி டிஸ்கில் போட்டால் மூன்றில் ஒரு பங்கு காலியாகவே இருக்கும். இதற்கு 4 டிபி டிஸ்க் நாலு எதற்கு? "சி.சி.டி.வி. ரெக்கார்டிங்கும் இதிலேயே போட்டுக்கலாம் சார்" என்பார் டீலர். வேண்டாம். கேமராவுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது; இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கிற அந்த வேலையை டிராயிங் இருக்கும் டிஸ்கின் தலையில் கட்டக்கூடாது.

எண்ணும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. கார் கம்பெனிக்கு பார்ட் சப்ளை செய்பவர்களுக்கு ஐ.ஏ.டி.எஃப். 16949 என்ற தர விதி உண்டு. அதன்படி ஒரு பார்ட்டின் அப்ரூவல் ரிக்கார்டுகளை, அந்த பார்ட் உற்பத்தியிலும் சர்வீஸிலும் இருக்கும் காலம் முழுக்கவும், அதற்கு மேல் ஒரு காலண்டர் ஆண்டும் வைத்திருக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்த முதல் சாண்ட்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-ல் வந்தது, 2014 வரை ஓடியது. அதற்குப் பிறகும் ஸ்பேர் பார்ட் கேட்டு ஆள் வருவார்கள் அல்லவா? ஆக, ஒரு டிராயிங்கின் ஆயுசு அதைச் சுமக்கிற சர்வரின் ஆயுசைப் போல மூன்று நான்கு மடங்கு. பழையதை அழித்து இடம் பண்ணலாம் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

இப்போது பெட்டிக்கு வருவோம். டெல் கம்பெனியின் பவர்எட்ஜ் டி150, டி350 என்று இரண்டு டவர் சர்வர்கள் 2021-ல் வந்தன. விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க வசதியான ஜோடி இது. இரண்டிலும் ஒரே குடும்பத்து ப்ராசசர், அதுவும் ஒன்றே ஒன்றுதான் போட முடியும். இரண்டிலும் ரேமுக்கு 4 ஸ்லாட், அதிகபட்சம் 128 ஜிபி. அப்புறம் என்ன வித்தியாசம்? டி150-ல் 4 பெரிய டிஸ்க், ஒரே பவர் சப்ளை. டி350-ல் 8 டிஸ்க் வரை வைக்கலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவி மாற்றலாம். பவர் சப்ளையும் இரண்டு போடலாம், ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். குவட்டேஷனில் 'ப்ராசசர்', 'ரேம்' வரிகளை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கம்பி விட்டிருக்கிறதா என்று மாடியில் ஏறிப் பார்க்கிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். எச்.பி.இ., லெனோவா எதை எடுத்தாலும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். (இடையில் ஒரு சந்தோஷச் செய்தி: லெனோவா தன் புதுச்சேரி ஆலையில் ஆண்டுக்கு 50,000 ஏ.ஐ. சர்வர்கள் செய்யப்போவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. திண்டிவனம் தாண்டினால் புதுச்சேரி. சர்வர் செய்கிற வேலையே நம் பக்கம் வருகிறது, வாங்கிக் கொடுக்கத் தெரியாமல் இருக்கலாமா?)

ரேமில்தான் பெரிய கோட்டை விடுகிறார்கள். 32 ஜிபி வேண்டுமென்றால் 8 ஜிபி நாலு போட்டாலும் 32-தான், 16 ஜிபி இரண்டு போட்டாலும் 32-தான். நாலு ஸ்லாட்டையும் நிரப்பிவிட்டால், நாளைக்கு 64 ஆக்கும்போது பழைய நாலையும் கழற்றித் தூரப் போட வேண்டும். இரண்டு போட்டிருந்தால் பக்கத்தில் இன்னும் இரண்டு சொருகினால் முடிந்தது வேலை. ஒன்று மட்டும் போடுவதும் தப்பு. ப்ராசசர் ரேமோடு பேச இரண்டு பாதை இருக்கிறது, ஒன்று சும்மா கிடக்கும். அப்புறம், இ.சி.சி. ரேம் என்று கேட்டு வாங்க வேண்டும். ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும், இரண்டு பிட் புரண்டால் எச்சரிக்கும். நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இது கிடையாது. கூரைக்கும் கான்கிரீட்டுக்கும் முதல் வித்தியாசம் இங்கேதான்.

ப்ராசசருக்குக் கம்பி விட முடியாது. மூன்று வருஷம் கழித்து அதைக் கழற்றி வேறு போட்ட சின்னக் கம்பெனியை நான் கேள்விப்பட்டதில்லை. எனவே அதை மட்டும் இன்றைய தேவைக்கு ஒரு படி மேலே வாங்கிவிடலாம். டாலிக்கும் ஃபைல் ஷேரிங்குக்கும் நாலு கோர், ஆறு கோர் தாராளம்.

டிஸ்க் என்று வந்தால் 'ரெய்டு' என்ற வார்த்தை வரும். உடனே ஓனர் பயந்துவிடப் போகிறார், இது இன்கம்டாக்ஸ் ரெய்டு இல்லை! ரெய்டு 1 என்றால் இரண்டு டிஸ்கிலும் ஒரே டேட்டா. ஒன்று செத்தால் இன்னொன்று ஓடும். 2 டிபி இரண்டு போட்டால் கிடைப்பது 2 டிபி. ரெய்டு 5-ல் நாலு டிஸ்க் போட்டால் 6 டிபி கிடைக்கும், ஒரு டிஸ்க் சாவதைத் தாங்கும். நம் 1,350 ஜிபி கம்பெனிக்கு ரெய்டு 1 போதும், மிச்ச டிஸ்க் இடங்கள் காலியாகவே இருக்கட்டும். ஆனால் ரெய்டு என்பது பேக்கப் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஒருவர் தவறிப்போய் ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும்.

அடுத்து நான் சொல்லப்போவது பெட்டிக்கு வெளியே இருக்கிறது. வளர இடம் முட்டுவது பல நேரம் ஹார்டுவேரில் அல்ல, லைசென்ஸ் காகிதத்தில்! சாதாரண விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டரை ஷேர் செய்தால் ஒரே நேரத்தில் 20 கனெக்ஷனுக்கு மேல் அனுமதி இல்லை. 21-ஆவது ஆள் வெளியே நிற்க வேண்டியதுதான். விண்டோஸ் சர்வரில் எசென்ஷியல்ஸ் என்று ஒரு பதிப்பு உண்டு. 25 பேர் வரை, 50 கம்ப்யூட்டர் வரை. ஆளுக்கு ஆள் தனி லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. பிரமாதம்! ஆனால் 26-ஆவது ஆள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு? ஸ்டாண்டர்ட் பதிப்புக்கு மாற வேண்டும். அதற்கு குறைந்தது 16 கோருக்கு லைசென்ஸ் (உங்கள் சர்வரில் நாலு கோர்தான் இருந்தாலும்!), கூடவே 26 பேருக்கும் தலைக்கு ஒரு லைசென்ஸ். இப்போது 22 பேர் இருக்கும் கம்பெனிக்கு எசென்ஷியல்ஸ் போட்டுக் கொடுத்தால், ஒரு புது ஆர்டர் வந்தாலே கூரை தலையில் இடிக்கும். பத்துப் பேர் கம்பெனி என்றால் தாராளமாகப் போடலாம். லினக்ஸில் சாம்பா போட்டால் இந்தத் தலையெண்ணும் வேலையே கிடையாது, காசும் கிடையாது. "அதைப் பார்த்துக்க ஆள் வேணுமே" என்பார்கள். அந்த ஆளாகத்தானே நண்பர்களே, நாம் மூன்று வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்?

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது ஒரு கேள்வி கேட்டார்: "கம்பியை அப்படியே விட்டா துரு புடிச்சிடுமேப்பா?" நியாயமான கேள்வி. சர்வரிலும் துரு உண்டு. டி.டி.ஆர்.3 போய் 4 வந்தது, இப்போது 5. ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று நுழையாது. ஏழு வருஷம் கழித்து 'கூட ரெண்டு ரேம் போடலாம்' என்று கிளம்பினால் அந்த ரகம் கடையில் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் விலை கூடுதலாக இருக்கும். சாப்ட்வேருக்கும் கெடு உண்டு. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வுக்கு 2023 அக்டோபர் 10-ஓடு பாதுகாப்பு அப்டேட் முடிந்தது; 2016-க்கு 2027 ஜனவரி 12 கடைசி. ஆகவே காலி ஸ்லாட்டை மூன்று நாலு வருஷத்துக்குள் நிரப்பு, இல்லையேல் அது காலி ஸ்லாட் இல்லை, வெறும் ஓட்டை.

சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் ரேக் சர்வர் மலிவாகக் கிடைக்குதே, இரண்டு ப்ராசசர், ஏகப்பட்ட ரேம் ஸ்லாட், அதுதானே உண்மையான 'வளர இடம்' என்று என் வகுப்பு நண்பர்களே என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பொருள் கிடையாது, நானும் ஒத்துக்கொள்கிறேன். கம்பெனிக்கு வேண்டாம். 100 வாட் கூடுதலாக இழுத்தால் வருஷத்துக்கு 876 யூனிட் கூடுதல் கரண்ட். அதன் ஃபேன் சத்தத்தில் பக்கத்தில் உட்கார முடியாது. போர்டு போனால் யாரைக் கேட்பது? பழைய வீட்டை இடிக்கப் போகிறவர் விற்கிற கம்பி அது.

எல்லாவற்றையும் கிளவுடில் போட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு கணக்கு: 1 டிபி டேட்டாவை, விநாடிக்கு 20 மெகாபிட் அப்லோட் வேகத்தில் ஏற்றினால் 4 லட்சம் விநாடி ஆகும். அதாவது நாலரை நாளுக்கு மேல், ஒரு நிமிஷம்கூட நெட் கட் ஆகாமல்! ரோடு அகலப்படுத்தக் குழி வெட்டும்போது கேபிள் அறுந்தால் டூல் ரூம் டிராயிங் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். டிராயிங் உள்ளூரில் இருக்கட்டும். ஒரு காப்பி மட்டும் ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளவுடுக்குப் போகட்டும்.

இங்கே நம் ஒரகடத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2017 மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகம். ரெனோ-நிசான் கூட்டணிக்கு பிரான்ஸ், பிரிட்டன், ஸ்லோவேனியா, ருமேனியா ஆலைகளில் உற்பத்தி பாதிக்கப்பட்டது. இந்தியாவில் அவர்களுடைய ஒரகடம் ஆலையிலும்தான். அவ்வளவு பெரிய கம்பெனியில் சர்வர் சின்னதாக இருந்ததாலா? இல்லவே இல்லை. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-லேயே வெளியிட்டிருந்தது. உலகம் முழுக்க அடிபட்டவை, இரண்டு மாதமாக அதைப் போடாமல் இருந்த கம்ப்யூட்டர்கள். பெரிய பெட்டி வாங்கினால் பாதுகாப்பு என்று நினைக்கும் ஓனர்களுக்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடைக்குமா? சின்னக் கம்பெனியில் சி.என்.சி. மெஷினோடு ஒட்டிய பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரை அப்டேட் பண்ணவே முடியாது. அதைத் தனி நெட்வொர்க்கில் தள்ளி வைக்க வேண்டும். அதற்கு சர்வரில் இரண்டாவது நெட்வொர்க் போர்ட் வேண்டும். இதுவும் ஒரு கம்பிதான்.

மிச்சப் பணத்தை எதில் போடுவது என்று இப்போது சொல்கிறேன். முதலில் பேக்கப். மூன்று காப்பி, இரண்டு வேறு வேறு சாதனத்தில், அதில் ஒன்று கம்பெனிக்கு வெளியே. வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் வெளி டிஸ்க் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடலாம். கழற்றி வைத்ததை வைரஸ் தொடமுடியாது. இது வெறும் புத்திமதி இல்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், எலெக்ட்ரானிக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினசரி இந்தியாவில் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியே வந்துவிட்டது. இரண்டாவது யு.பி.எஸ். சும்மா பேட்டரி இருந்தால் போதாது; யு.எஸ்.பி. ஒயரை சர்வரோடு இணைத்து, பேட்டரி தீரும் முன் சர்வர் தானே ஒழுங்காக அணையும்படி செட் செய்ய வேண்டும். யு.பி.எஸ். இருந்தும் இந்த ஒயர் டப்பாவுக்குள்ளேயே கிடப்பதுதான் வழக்கம்!

மூன்றாவது இடம். பவர்எட்ஜ் போன்ற சர்வர்களுக்கு உள்ளே போகும் காற்று 10 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாதத்தில் நம் ஊர் ஷெட்டுக்குள் நின்று பார்த்தவர்களுக்கு 35 டிகிரி எல்லாம் குளிர்காலம். இதில் பிரஸ் ஷாப் இரும்புத் தூளும் எண்ணெய்ப் புகையும் வேறு. சின்ன அறை, ஏ.சி., கதவு, நல்ல எர்த்திங் வேண்டும். தரையில் வைக்கவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றதையும் பார்த்த பிறகும் சர்வரைத் தரைத்தளத்தில் மூலையில் வைப்பவரை வல்லக்கோட்டை முருகன்தான் காப்பாற்ற வேண்டும்.

ஆகவே ஓனர் கேட்கும்போது மாடல் பெயர் சொல்லாதீர்கள். டீலரிடம் குவட்டேஷனில் இதையெல்லாம் எழுதித் தரச் சொல்லுங்கள்: ரேம் எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை காலி. டிஸ்க் எத்தனை இடம், எத்தனை காலி, ஓடும்போதே மாற்றலாமா. இரண்டாவது பவர் சப்ளை பின்னால் போட முடியுமா. லைசென்ஸ் எத்தனை பேருக்கு. வாரண்டி எத்தனை வருஷம், ரிப்பேருக்கு ஆள் எத்தனை மணி நேரத்தில் ஸ்பாட்டுக்கு வருவார். 'காலி' என்ற வார்த்தையை குவட்டேஷனில் எழுத எந்த டீலருக்கும் பிடிக்காது. பரவாயில்லை, கேளுங்கள். சர்வர் வந்து ஓட ஆரம்பித்த பிறகு, மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பேக்கப் டிஸ்கிலிருந்து ஏதாவது ஒரு பழைய டிராயிங்கை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, ரிவிஷன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று டூல் ரூம் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டி, தேதி போட்டு நோட்டில் அவரிடமே கையெழுத்து வாங்கி வையுங்கள்.